அண்டர்கரண்ட்: ஓர் உறையில் இரண்டு கத்தி

கிட்டார் ஓரளவு கைக்குப் பழகிய பிறகு, கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு ஜாஸ் பாட்டை வாசித்துப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அடிச்சுரத்தைத் தாங்கும் பேஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. பாட்டு இருவருக்கும் மனப்பாடம், தனித்தனியாக வாசித்தால் இருவருமே நன்றாகத்தான் வாசிப்போம், அதனால் சேர்ந்து வாசிப்பதில் பெரிய சிரமம் இருக்காது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். முடித்ததும் போனில் பதிவானதைப் போட்டுக் கேட்டோம். யாரும் தப்பான சுரம் வாசிக்கவில்லை. தாளமும் எங்கேயும் நழுவவில்லை. ஆனாலும் மொத்தச் சத்தமும் கலங்கிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரே விஷயத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கொஞ்சம் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னால் கேட்கிறவருக்கு ஒன்றுமே விளங்காதே, அப்படி. பியானோவும் கிட்டாரும் மட்டுமே வாசிக்கும் அண்டர்கரண்ட் என்ற ஜாஸ் ஆல்பத்தை நான் சரியாகக் கேட்கத் தொடங்கியது இங்கிருந்துதான்.

இதற்குக் காரணம் எங்கள் கையில் மட்டும் இல்லை, அந்த இரண்டு வாத்தியங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. பியானோவில் 88 கட்டைகள். அடியில் 27.5 ஹெர்ட்ஸில் தொடங்கி உச்சியில் 4,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் போகிறது. கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ், மெல்லிய தந்தியில் கடைசி வரை ஏறினாலும் ஆயிரத்துச் சொச்சம்தான். அதாவது கிட்டாரின் எல்லை முழுவதும் பியானோவின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதிலும் கிட்டார் கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) வைக்கிற இடமும் பியானோக்காரரின் இடது கை கார்ட் வைக்கிற இடமும் ஏறக்குறைய ஒன்றே. டிரம்பெட்டும் பியானோவும் என்றால் ஒருவர் ஒற்றை வரியாகப் பாடிக்கொண்டு போவார், இன்னொருவர் கீழே விரிப்பு விரிப்பார், உரசலுக்கு இடமில்லை. இங்கே இரண்டுமே கார்ட் வாத்தியம்.

ஜாஸில் தாளில் எழுதிய கார்டை எழுதியபடியே யாரும் வாசிப்பதில்லை. அந்த நொடியில் தோன்றுகிற மாதிரி மேலே ஒரு சுரத்தைச் சேர்ப்பார்கள், ஒன்றை எடுத்துவிடுவார்கள். தாளில் சி செவன் என்று இருக்கும். நான் அதன் மேல் ஒன்பதாவது சுரமாக டி வைக்கிறேன், அதே நொடியில் நண்பர் டி ஃபிளாட் வைக்கிறார். தனியாகக் கேட்டால் இரண்டும் சரி. சேர்ந்து ஒலிக்கும்போது அரைச் சுர இடைவெளியில் இரண்டும் உரசிக்கொள்கின்றன. ஓர் உறையில் இரண்டு கத்தி என்று சொல்வார்களே, அதைக் காதால் கேட்டேன்.

அப்புறம் இன்னொரு சிக்கல். பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது, கிட்டாரில் பிக் என்கிற சின்னத் தகடு தந்தியை மீட்டுகிறது, இரண்டிலும் ஒலி எழுந்த நொடியிலிருந்தே தேய ஆரம்பித்துவிடும். சாக்ஸஃபோன் மாதிரி மூச்சை ஊதிக்கொண்டே ஒரு சுரத்தை நிறுத்திப் பிடிக்க முடியாது. எனவே சத்தம் அடங்குவதற்குள் அடுத்ததை வாசித்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பேஸும் டிரம்ஸும் இல்லாத வெறுமை அந்தப் பரபரப்பை இன்னும் கூட்டும். நாங்கள் இருவரும் ஒரு நொடி விடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தோம்.

அன்று இரவே நண்பர் அண்டர்கரண்ட் ஆல்பத்தை அனுப்பினார். "முதல் பாட்டை மட்டும் கேளுங்க, நாளைக்குப் பேசலாம்" என்று ஒரு வரி. அந்த ஆல்பத்தின் பெயர் எனக்குத் தெரியும், அட்டைப்படமும் தெரியும், பின்னணியில் ஓடவிட்டு ஏதோ வேலை பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று முறை கேட்டும் இருக்கிறேன். ஆனால் அன்று கேட்டதைத்தான் முதல் முறையாகக் கேட்டதாகக் கணக்கு வைத்திருக்கிறேன்.

பில் எவன்ஸ் பியானோ, ஜிம் ஹால் கிட்டார். வேறு யாரும் இல்லை. 1962 ஏப்ரல் 24, மே 14 என்று இரண்டே நாள்களில் நியூயார்க்கில் பதிவானது. தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸ், வெளியிட்டது யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ். ஆறு பாட்டுகள், மொத்தம் அரை மணி நேரம் சொச்சம். எவன்ஸுக்கு அப்போது 32 வயது, ஹாலுக்கு 31.

அந்த 1962 வசந்தத்தில் இருவரும் எங்கிருந்து வந்து அந்த ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் இசை வேறு மாதிரி கேட்கிறது. எவன்ஸ் 1959இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பத்தில் வாசித்தவர் என்பது ஜாஸ் கேட்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் வாசித்த பால் மோஷியன் ஆகியோரோடு ஒரு மூவர் குழு அமைத்தார். பேஸ் என்றால் அடியில் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற வழக்கத்தை லஃபாரோ உடைத்தார். பியானோ ஒன்று சொன்னால் பேஸ் அதற்குப் பதில் சொல்லும், சில சமயம் முந்திக்கொண்டும் சொல்லும். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேங்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் அவர்கள் வாசித்தது முழுக்கப் பதிவானது. பதினோராம் நாள், ஜூலை 6 அன்று, கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் பல மாதங்கள் மேடைப்பக்கமே போகவில்லை. பியானோவைத் தொடவே மனமில்லாமல் இருந்தார் என்று படித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பத்து மாதம்கூட ஆகாத நிலையில் பேஸே இல்லாத ஓர் ஆல்பம். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு கதை கட்டுவது சுலபம். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் அதே மே, ஜூன் மாதங்களில் சக் இஸ்ரேல்ஸ் என்ற புதிய பேஸ் கலைஞரோடு அவர் மூவர் குழுவாகவும் பதிவு செய்துகொண்டிருந்தார். ஆனால் பதில் பேசுகிற ஒருவரை இழந்த மனிதர், பதில் பேசத் தெரிந்த இன்னொருவரின் எதிரில் உட்காருகிறார் என்பது மட்டும் ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது.

ஹாலின் பக்கம் இவ்வளவு பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் சுவாரசியம். பஃபலோவில் பிறந்து, கிளீவ்லேண்டில் இசைக் கல்லூரியில் படித்து, பிறகு சிக்கோ ஹாமில்டன் குழுவில் சேர்ந்து, அங்கிருந்து ஜிம்மி ஜுஃப்ரியின் மூவர் குழுவுக்குப் போனவர் அவர். ஜுஃப்ரி குழுவில் டிரம்ஸ் கிடையாது. 1958இல் பேஸும் போய்விட்டது. ஜுஃப்ரி, டிராம்போன் வாசித்த பாப் புரூக்மேயர், ஹால், மூன்றே பேர். அதாவது அடித்தளமும் இல்லாமல் தாளமும் இல்லாமல் ஒரு குழுவைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை ஹால் ஏற்கெனவே செய்து பழகியிருந்தார். அப்புறம் 1962 தொடக்கத்தில் சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸின் தி பிரிட்ஜ் ஆல்பம். அதில் பியானோ இல்லை, கார்ட் வைக்கும் முழுப் பொறுப்பும் ஹாலுடையது. அங்கே ஒற்றை ஆளாகக் கார்டைச் சுமந்துவிட்டு, சில மாதங்களில் எவன்ஸ் போன்ற ஒருவர் பியானோவில் இருக்கும் இடத்துக்கு வருகிறார். எப்போது சுமக்க வேண்டும், எப்போது கீழே வைக்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்த ஆள்.

சரி, முதல் பாட்டுக்கு வருகிறேன். மை ஃபன்னி வேலன்டைன். ராஜர்ஸும் ஹார்ட்டும் 1937இல் ஒரு பிராட்வே இசை நாடகத்துக்காக எழுதியது. எல்லோரும் இதை மெதுவாக, உருக்கமாக வாசிப்பார்கள், பாடுவார்கள். இவர்கள் வேகமாக எடுத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் மெட்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். மெட்டு ஒருவரிடம் இருக்கும்போதே இன்னொருவர் அதன் இடுக்குகளில் வேறொரு வரியைச் செருகிக்கொண்டு போகிறார், எது மெட்டு எது பதில் என்று சில இடங்களில் பிரிக்க முடியாது. இந்தப் பாட்டின் அமைப்பில் ஒரு கோணல் வேறு உண்டு. வழக்கமான பாட்டுகள் 32 பார் (தாளச் சுற்று), இது 36 பார், கடைசிப் பகுதி மட்டும் நான்கு பார் கூடுதல் நீளம். டிரம்ஸ் இல்லாமல் அந்த வேகத்தில் போகும்போது ஒருவர் கணக்கைத் தவறவிட்டாலும் இருவரும் சேர்ந்து பள்ளத்தில் விழ வேண்டியதுதான். இங்கே யாரும் எண்ணிக்கொண்டிருக்கிற மாதிரியே தெரியவில்லை.

நண்பர் என்னைக் கேட்கச் சொன்ன இடம் எவன்ஸின் சோலோ. அங்கே ஹால் கார்ட் வாசிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, ஒரு பாருக்கு நாலு அடி என்று தந்திகளை ஒரே வீச்சில் தட்டிச் சீராக ஸ்ட்ரம் பண்ண ஆரம்பிக்கிறார். கவுன்ட் பேஸி குழுவில் ஐம்பது வருடம் அந்த நாலு அடியை மட்டுமே வாசித்து வாழ்ந்தவர் ஃப்ரெடி கிரீன், அந்தப் பரம்பரை ஸ்ட்ரம்மிங் இது. ஹெட்ஃபோனில் கேட்டால் ஆம்பிலிருந்து (கிட்டாரின் ஒலிபெருக்கியிலிருந்து) வரும் சத்தம் இருக்கிறதா என்றே சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்ல, பிக் தந்தியைத் தட்டும் "சக், சக், சக், சக்" என்ற சத்தம்தான் முதலில் காதில் விழுகிறது. சுரம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வருகிறது. கார்ட் மாறுவது தெரிகிறது, ஆனால் எந்தக் கார்டும் அங்கே நின்று இடத்தை அடைப்பதில்லை. அடித்தவுடன் இடது கை தந்தியிலிருந்து லேசாக எழும்பிவிடுவதால் ஒவ்வொரு அடியும் பிறந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது.

அந்த இடத்தில் எவன்ஸ் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். இடது கையை ஒதுக்கிவைக்கிறார். பியானோக்காரருக்கு அது சாதாரணக் காரியம் இல்லை. பாதி வாத்தியத்தை மூடிவைப்பதற்குச் சமம். வலது கை மட்டும் நீண்ட நீண்ட வரிகளாக ஓடுகிறது, எப்போதாவது ஓர் இடத்தில் இடது கை ஒரு கார்டை வைத்துவிட்டு உடனே விலகிக்கொள்கிறது. கிட்டார் டிரம்ஸாகிவிட்டது, பியானோ சாக்ஸஃபோனாகிவிட்டது. ஹால் சோலோ எடுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அப்போது எவன்ஸ் தாளத்தை உடைத்து உடைத்து, எதிர்பாராத இடத்தில் குட்டிக் குட்டிக் கார்டுகளாகக் குத்துகிறார். ஹாலின் வரி அந்தக் குத்துகளுக்கு நடுவே கிடைக்கிற இடத்தில் புகுந்து புகுந்து வெளியே வருகிறது.

நான் அந்தப் பாட்டை அன்று இரவு எத்தனை முறை கேட்டேன் என்று நினைவில்லை. முதலில் பியானோவை மட்டும் பின்தொடர்ந்தேன், பிறகு கிட்டாரை மட்டும். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன், அதுதான் இந்த ஆல்பத்துக்குச் சரியான வழி என்று இன்றும் நம்புகிறேன். சோலோ எடுப்பவரை விட்டுவிட்டு, சோலோ எடுக்காதவரை மட்டும் கேட்பது. எவன்ஸின் வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பின்னால் தள்ளிவிட்டு அந்தச் "சக் சக்"கைப் பிடித்துக்கொண்டு போவது. ஹாலின் சோலோ வரும்போது கிட்டாரை விட்டுவிட்டு அந்தக் குட்டிக் கார்டுகளின் பின்னால் போவது. பக்கவாத்தியம் என்று நாம் சொல்வதைத்தான் இந்த ஆல்பத்தில் இருவரும் மிக உயர்ந்த நிலையில் வாசித்திருக்கிறார்கள். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. சில பார்களில் இரண்டு பேருமே பக்கவாத்தியமாக இருக்கிறார்கள், முன்னால் யாருமே இல்லை, ஆனாலும் பாட்டு நடக்கிறது.

இந்த ஆல்பத்தை "மென்மையான இசை", "இரவில் கேட்க இதமான இசை" என்று பலர் சொல்வதைப் படிக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மெதுவான பாட்டுகள் இருக்கின்றன, சத்தம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பாட்டில் இருக்கும் வேகமும் துணிச்சலும் மென்மையா? அந்த 36 பாரில் ஒரு கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று) முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிற இடங்களில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையைக் கேட்டால், கம்பி மேல் நடப்பவர்களைப் பார்க்கிற மாதிரி எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

அடுத்த பாட்டு ஐ ஹியர் எ ராப்ஸடி. இங்கே முந்தைய பாட்டுக்கு நேர் எதிரான காரியம் செய்திருக்கிறார்கள். பலரும் வேகமாக வாசிக்கும் பாட்டு இது, சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன்கூட வேகமாகத்தான் வாசித்தார், இவர்கள் மெதுவாக எடுக்கிறார்கள். மெதுவான பாட்டை வேகமாகவும் வேகமான பாட்டை மெதுவாகவும் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயலா என்று தெரியாது, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மெதுவாகப் போகும்போது நான் முன்னால் சொன்ன அந்தத் தேய்கிற ஒலிச் சிக்கல் பெரிதாகிவிடும். ஒரு சுரம் அடங்கி அடுத்தது வருவதற்குள் நிறைய நேரம் இருக்கிறது. இவர்கள் அதை நிரப்புவதில்லை. ஒருவரின் சுரம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும் விளிம்பில் இன்னொருவர் ஒற்றைச் சுரத்தால் அதைத் தொட்டு எடுத்துக்கொள்கிறார்.

டிரீம் ஜிப்ஸி, ஜூடித் வீவர்ஸ் என்பவர் எழுதியது, மூன்று அடித் தாளத்தில் வரும் வால்ட்ஸ். ரொமெய்ன், ஹால் சொந்தமாக எழுதியது. இரண்டும் நல்ல பாட்டுகள், ரொமெய்னில் ஹாலின் கிட்டார் இருட்டாக ஒலிப்பது எனக்குப் பிடிக்கும், ஆனால் அவற்றைப் பற்றி நிறைய எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ஸ்கேட்டிங் இன் சென்ட்ரல் பார்க் பற்றி எழுத நிறைய இருக்கிறது. மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டின் ஜான் லூயிஸ் 1959இல் ஒரு படத்துக்காக எழுதிய வால்ட்ஸ் இது. அந்தப் படத்தின் இசைப் பதிவில் எவன்ஸும் ஹாலும் இருந்தார்கள். அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்த ஒரு மெட்டை, மூன்று வருடம் கழித்து இரண்டு பேராக மட்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். மூன்று அடித் தாளத்தில் முதல் அடியை யார் வைப்பது என்பது டிரம்ஸ் இல்லாதபோது பெரிய கேள்வி. இவர்கள் அதை மாறி மாறி வைக்கிறார்கள். சில இடங்களில் இருவருமே அந்த அடியை வைப்பதில்லை, அது நம் காதில் தானாக விழுகிறது. பாட்டின் பெயரில் இருக்கிற பனிச்சறுக்கு அந்த இடங்களில்தான் எனக்குக் கண்ணில் தெரிகிறது, கால் தரையை உந்திவிட்டுச் சும்மா வழுக்கிக்கொண்டு போகிற அந்த நொடி.

கடைசிப் பாட்டு டார்ன் தட் டிரீம். மிக மெதுவான பாட்டு. இரண்டு பேரும் கார்டுகளைக் கழற்றி மறுபடி பூட்டுகிற வேலையைக் கேட்கலாம்.

ஹாலின் கிட்டார் சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கிப்சன் இஎஸ்-175 கிட்டார், ஒரே ஒரு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் பாகம்), சிறிய கிப்சன் ஆம்ப். இந்த ஆல்பத்தில் அந்த ஆம்ப் சத்தத்தைக் கூட்டுவதற்காக இருக்கிற மாதிரியே இல்லை. அவருக்குத் தந்தியை ஓங்கி அடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போவதற்காக இருக்கிறது. மெதுவாகத் தொட்டால் போதும், மீதியை ஆம்ப் பார்த்துக்கொள்ளும், அதனால் அவர் கையில் எப்போதும் நிறைய மிச்சம் இருக்கிறது. சத்தத்தின் ஓரங்கள் எல்லாம் உருண்டையாக இருக்கும். எவன்ஸின் தொடுகையும் அப்படித்தான், கட்டையை அடிக்கிற சத்தம் கேட்காது, சுரம் மட்டும் கேட்கும். சில இடங்களில் ஒரு சுரத்தை வாசித்தது பியானோவா கிட்டாரா என்று எனக்கு இன்னமும் பிரிக்கத் தெரியவில்லை. வாசித்தவர்கள் இருவரும் ஒருவர் ஒலியை நோக்கி ஒருவர் நகர்ந்து வந்திருக்கிறார்கள்.

அட்டைப்படத்தையும் விட முடியாது. டோனி ஃப்ரிஸெல் 1947இல் ஃபுளோரிடாவின் வீக்கி வாச்சி ஊற்றில் எடுத்த புகைப்படம். வெள்ளை நீளுடை அணிந்த ஒரு பெண் தண்ணீருக்கடியில் மல்லாந்து மிதக்கிறாள், முகம் நீர்மட்டத்துக்கு மேலே போயிருப்பதால் தெரியவில்லை. மூழ்குகிறாளா மேலே வருகிறாளா என்று சொல்ல முடியாது. ஆல்பத்துக்குப் பதினைந்து வருடம் முன்னால் வேறு எதற்கோ எடுத்த படம் இந்த இசைக்கு இவ்வளவு பொருந்துவது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

இதே ஆலன் டக்ளஸ் அதே வருடம் செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில் இன்னொரு கூட்டு ஆல்பத்தைத் தயாரித்தார். மணி ஜங்கிள். 63 வயது டியூக் எலிங்டன் பியானோ, 40 வயது சார்லஸ் மிங்கஸ் பேஸ், 38 வயது மேக்ஸ் ரோச் டிரம்ஸ். அண்டர்கரண்டைக் கேட்டு முடித்த கையோடு அதைக் கேட்டால் வேறு கிரகத்துக்குப் போன மாதிரி இருக்கும். மிங்கஸ் தந்தியைப் பிடித்து இழுத்து அறைகிறார், எலிங்டன் கட்டைகளைக் குத்துகிறார், ஒருவருக்கொருவர் இடம் விடுகிற பேச்சே பல இடங்களில் இல்லை. பதிவின் நடுவில் மிங்கஸ் பேஸை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார், எலிங்டன் சமாதானம் பேசித் திரும்ப அழைத்து வந்தார் என்ற கதை ஜாஸ் உலகில் பலமுறை சொல்லப்பட்டது. ஆனால் அதே ஆல்பத்தில் ஃப்ளூரெட் ஆஃப்ரிக்கேன் என்ற பாட்டு வருகிறது. அதில் எலிங்டன் சில சுரங்களே வாசிக்க, மிங்கஸின் பேஸ் அடியில் சிறகு படபடப்பது போல நடுங்கிக்கொண்டே இருக்கிறது. சண்டைக்கு நடுவில் இப்படி ஒரு பாட்டு வந்ததால்தான் எனக்கு மணி ஜங்கிளும் அண்டர்கரண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டாக ஆல்பம் செய்ய ஒத்துப்போவது கட்டாயம் என்று நான் நினைத்திருந்ததை அது மாற்றிவிட்டது. ஒருவரை ஒருவர் கேட்டால் போதும், கோபத்தோடு கேட்டாலும் சரி.

எவன்ஸும் ஹாலும் மறுபடி இருவராகச் சேர்ந்தது 1966இல், இன்டர்மாடுலேஷன். இந்த முறை வான் கெல்டர் ஸ்டூடியோ, தயாரிப்பு கிரீட் டெய்லர், வெர்வ் நிறுவனம். ஒலிப்பதிவு தெளிவு, இருவரும் இன்னும் பக்குவமாக வாசித்திருக்கிறார்கள். ஹால் எழுதிய ஆல் அக்ராஸ் தி சிட்டி, அந்த வருடம் இறந்த தன் தந்தையின் நினைவாக எவன்ஸ் எழுதிய டர்ன் அவுட் தி ஸ்டார்ஸ், இரண்டும் அதில்தான் இருக்கின்றன. பாட்டுகள் என்று பார்த்தால் இரண்டாவது ஆல்பம்தான் மேல் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. டர்ன் அவுட் தி ஸ்டார்ஸுக்காக மட்டுமே அதை வைத்துக்கொள்ளலாம் என்று நானும் சொல்வேன். ஆனாலும் எனக்கு முதல் ஆல்பம்தான். இரண்டாவதில் யார் எந்த இடத்தில் ஒதுங்குவார்கள் என்று இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. முதலாவதில் அதை அங்கேயே, நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்கிறார்கள்.

நடுவில் 1963இல் எவன்ஸ் தனியாக கான்வர்சேஷன்ஸ் வித் மைசெல்ஃப் செய்தார். தான் வாசித்ததன் மேலேயே இரண்டாவது, மூன்றாவது பியானோவைத் தானே வாசித்துப் பதிவு செய்தது. கிராமி விருது வாங்கிய ஆல்பம், அதைக் கொண்டாடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் மூச்சு முட்டுகிறது. மூன்று எவன்ஸும் நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எதிரில் ஹால் இருந்தபோது ஒதுங்கிய அந்த இடது கையை நான் அதில் தேடிக்கொண்டே இருப்பேன்.

அண்டர்கரண்டின் சிடியில் சில கூடுதல் பதிவுகள் சேர்த்திருக்கிறார்கள், அதில் மை ஃபன்னி வேலன்டைனின் இன்னொரு டேக்கும் (அதே பாட்டை மறுபடி வாசித்த பதிவு) இருக்கிறது. இரண்டு டேக்கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேகம் அதே, அமைப்பு அதே, ஆனால் ஒருவர் வேறு வரி வாசித்ததும் மற்றவரின் பதிலும் வேறாகிவிடுகிறது. எழுதி வைத்து, ஒத்திகை பார்த்து வாசித்திருந்தால் பதிலும் அதே இடத்தில் அதே மாதிரி வந்திருக்கும்.

நானும் நண்பரும் இப்போதும் வாசிக்கிறோம். சென்ற மாதம் ஸ்கேட்டிங் இன் சென்ட்ரல் பார்க்கை எடுத்துக்கொண்டோம். முதலில் ஓர் ஒப்பந்தம் போட்டோம்: நான் கார்ட் வைக்கும்போது அவர் இடது கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அவர் வைக்கும்போது நான் ஒற்றைத் தந்தியைத் தாண்டக் கூடாது. பாடம் படிக்கிற மாதிரி விறைப்பாக இருந்தது. மூன்றாவது முறை வாசிக்கும்போது ஒப்பந்தம் மறந்துபோய்விட்டது. பதிவைக் கேட்டபோது ஓரிடத்தில் இருவருமே வாசிக்காமல் இருந்திருக்கிறோம், ஒரு முழுப் பார். வாசிக்கும்போது இருவருக்கும் அது தெரியவே இல்லை. தாளம் அந்த வெற்று இடத்தைத் தாண்டி அப்படியே அடுத்த பாருக்குப் போய் இறங்கியிருக்கிறது. நண்பர் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, "இது நம்மதானா?" என்றார்.

அந்த நாலு அடி ஸ்ட்ரம்மிங் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை. அந்த வேகத்தில் இரண்டு கோரஸ் தாண்டுவதற்குள் மணிக்கட்டு இறுகி, சத்தம் தானாகக் கூடிவிடுகிறது. ஹால் அதை அவ்வளவு மெல்ல, அவ்வளவு நேரம் எப்படிப் பிடித்திருந்தார் என்று பார்ப்பதற்காகவே அந்த முதல் பாட்டை மறுபடியும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.